அலை திறந்த கோயில், அலை இடித்த கோட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை எடுத்தால் நேராகப் பாண்டிச்சேரியில் போய் நிறுத்துகிற கூட்டம் நான். போன மாசியில் ஊரிலிருந்து தம்பி குடும்பம் வந்திருந்தது. “இந்தத் தடவை வழியிலேயே ஒரு நாளைக் கழிப்போம் அண்ணே” என்றான். சரி என்று விடிகாலையிலேயே புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் சாளுவன்குப்பம். மாமல்லபுரத்துக்கு 5 கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். புலிக்குகையில் யாளித் தலைகளோடு படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நடந்தால் மணலில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு முருகன் கோயில். 2004 டிசம்பரில் சுனாமி கரையை அரித்துவிட்டுப் போனபோது, பாறையில் வெட்டிய எழுத்து வெளியே தெரிந்தது. இங்கே சுப்பிரமணியர் கோயில் இருந்தது என்பது அதில் இருந்த சேதி. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். 2005-இல் கோயில் அகப்பட்டது. மேலே பல்லவர் காலக் கல் வேலை. அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டடம்; சங்க காலத்தது என்பது தோண்டியவர்கள் கருத்து. வாசல் வடக்குப் பார்த்தது. கல்லிலேயே செய்த ஒரு வேல் நிற்கிறது.

“சாமி எங்கே பெரியப்பா?” என்றாள் தம்பி மகள்.

“அந்த வேல்தான்டா சாமி” என்றேன். அவளுக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை.

அடுத்தது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் வாய்க்கு அது சத்ராஸ். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், மெல்லிய மஸ்லின் துணியை வாங்கிக் கப்பலேற்றியவர்களின் செங்கல் கோட்டை. 1782-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கப்பல் கட்டிக்கொண்டு மோதியதும் இந்தக் கரைக்கு எதிரேதான். கல்லறைகள் இருக்கும் பகுதி பூட்டியிருந்தது. காவலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்து திறந்துவிட்டார். கல்லை ஒட்டிக் குனிந்து பாருங்கள். நம் கல்வெட்டுகளில் எழுத்தைக் குழித்து வெட்டுவார்கள். இங்கே சுற்றிலும் செதுக்கி எடுத்துவிட்டு, எழுத்தை மேலே எழும்பி நிற்க விட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தடவிப் படிக்கலாம், டச்சு தெரிந்தால்!

வெயில் தாழக் கடப்பாக்கத்தில் திரும்பி ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் கையில் இருந்த இடம். 1750-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குப் போனது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். மிச்சம் நின்றதில் ஒரு பங்கைச் சுனாமி தள்ளிவிட்டது. ஆமாம், காலையில் பார்த்த கோயிலைத் திறந்துகொடுத்த அதே சுனாமிதான். உப்பங்கழியைப் பார்த்தபடி மொட்டைச் சுவர்கள். பல்லுப்போன வாய் மாதிரி அங்கங்கே செங்கல் துருத்திக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு காலத்தில் கம்பட்டம், அதாவது நாணயம் அடிக்கிற சாலை இருந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். கரை மணலில் உட்கார்ந்த தம்பி மகள் எழுந்திருக்கவேயில்லை. இருட்டுகிற வரைக்கும் கையால் அளைந்தாள். காசு கிடைக்கவில்லை, கிளிஞ்சல்தான் கிடைத்தது. இந்தக் கரையில் அதைச் சுட்டுத்தான் சுவர் கட்டச் சுண்ணாம்பு எடுப்பார்கள் என்று சொன்னேன்.

“அப்போ இது கோட்டையா பெரியப்பா?” என்று கேட்டு, பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு வண்டியில் ஏறினாள். பாண்டிச்சேரிக்கு அன்றைக்கு நாங்கள் போகவேயில்லை.