ஆமிஷ் வாழ்வு: பழமைப் பிடிவாதமா, சிந்தித்த தேர்வா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். வட அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் எளிய வாழ்வுக்கு அடிப்படை பழமைப் பிடிவாதமா, சிந்தித்த தேர்வா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. சிந்தித்த தேர்வே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், மின்கம்பி செல்லாத வீடு, குதிரை வண்டி, பொத்தான் இல்லாமல் கொக்கி மாட்டிய கறுப்புக் கோட்டு, எட்டாம் வகுப்போடு நிற்கும் படிப்பு ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, காலத்தோடு நடக்க மறுத்து நின்றுவிட்ட மக்கள் என்று அவர்களைக் குறிப்பிட்டார். அவரை அடுத்துப் பேசிய சகோதரி, சபையை விட்டு விலகுவோரை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை எடுத்துக்காட்டி, தண்டனைக்கு அஞ்சி வாழ்வதைத் தேர்வு என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். முதல் குற்றச்சாட்டை உறுதியாக மறுக்கிறேன். சகோதரியின் கேள்வி கனமானது. அதற்குரிய இடத்தில் நின்று விடை சொல்வேன்.

தொலைபேசியிலிருந்து தொடங்குகிறேன். பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் மாவட்டத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அக்கம்பக்கத்தாரைப் போலவே சில ஆமிஷ் குடும்பங்களும் வீட்டில் தொலைபேசி வைத்திருந்தன. அதைப் பயன்படுத்திப் பார்த்து, அதனால் வீடுகளுக்குள்ளும் வீடுகளுக்கிடையேயும் நடப்பதைக் கவனித்து, அதன் பிறகுதான் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீட்டுக்குள் தொலைபேசி வேண்டாம் என்று சபை முடிவு செய்தது. நேரில் போய்ப் பேச வேண்டியவற்றைக் கருவி வழியாகப் பேசி முடித்துக்கொண்டால், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறையும். முகம் பார்க்காமல் பேசும்போது புறம்பேசுவதும் எளிதாகும் என்பது அவர்கள் கவலை. பக்கத்து வீட்டுக்காரரின் தொலைபேசியில் பேசுவதை அவர்கள் அப்போதும் பாவம் என்று சொல்லவில்லை. பின்னர் மருத்துவரையும் கால்நடை மருத்துவரையும் அவசரத்துக்கு அழைக்க வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டபோது, பல வீடுகளுக்குப் பொதுவாகப் பாதையோரத்தில் ஒரு சிறு கொட்டகை கட்டி, அதில் தொலைபேசி வைத்துக்கொள்ள இசைவு தரப்பட்டது. இன்றும் அந்தக் கொட்டகைகளை அங்கே காணலாம். பேச வேண்டுமென்றால் எழுந்து நடந்து போக வேண்டும். ஆனால் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கும் மேசையருகே அது மணியடிக்காது. பழமையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் மக்கள் ஒரு கருவியை முழுதாக ஏற்பார்கள், அல்லது முழுதாக விலக்குவார்கள். அதன் பயனை வைத்துக்கொண்டு, அது இருக்க வேண்டிய தொலைவை அளந்து வைத்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

மின்சாரத்திலும் இதே அணுகுமுறைதான். 1920-ஐ ஒட்டி அவர்கள் விலக்கியது பொது மின்தடத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கப்படும் கம்பியை. பேட்டரியை விலக்கவில்லை. டீசல் எந்திரத்தால் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தைக் கொண்டு மரமறுக்கும் கருவிகளையும் தையல் எந்திரத்தையும் ஓட்டுகிறார்கள். எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டியை வைத்திருக்கிறார்கள். பல குடியிருப்புகளில் சூரிய மின்தகடுகளும் உண்டு. கம்பி வந்தால் அதைத் தொடர்ந்து வானொலியும் தொலைக்காட்சியும் கேள்வியின்றி உள்ளே வரும் என்பதும், தம் வீட்டின் அன்றாடத் தேவை வெளியுலகத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்படும் என்பதும் அவர்கள் கண்ட ஆபத்து. 1960-களில் பால் நிறுவனங்கள், குளிரூட்டிய பெரிய தொட்டியில் சேமித்தால்தான் பால் வாங்குவோம் என்றபோது, லங்காஸ்டர் ஆமிஷ் விவசாயிகளின் வாழ்வாதாரமே கேள்விக்குள்ளானது. தத்தம் சபையை நடத்தும் பிஷப்புகள் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து பேசினார்கள். தொட்டியை ஏற்றார்கள், அதைக் குளிரூட்ட டீசல் எந்திரத்தையும், பாலைக் கலக்க 12 வோல்ட் பேட்டரியையும் ஏற்றார்கள், ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் பால் எடுக்க வண்டி வரக்கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எது உயிர்நிலை, எதில் வளையலாம் என்று பிரித்தறிந்தவர்கள் செய்த பேச்சுவார்த்தை அது.

இந்த முடிவுகள் எங்கே பிறக்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிரணியினர் தொடாமல் விட்ட இடம் அதுதான். ஆமிஷ் மக்களுக்கு ஒரு தலைமைப் பீடம் கிடையாது. எல்லோரையும் ஆளும் பேராயரும் கிடையாது. ஏறத்தாழ 20 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்து ஒரு சபை. அவர்களுக்குக் கோயில் கட்டடமும் பொதுவாக இல்லை. இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு குடும்பத்தின் வீட்டிலோ களஞ்சியத்திலோ வழிபாடு நடக்கும், உட்காரும் பலகைகள் வண்டியில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போகும். வாழ்வின் ஒழுங்கைச் சொல்லும் விதிகளின் தொகுப்பை அவர்கள் ஓர்ட்னுங் என்று அழைக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன், சபை கூடி அந்த ஒழுங்கை மறுபடியும் பேசுகிறது. ஞானஸ்நானம் பெற்ற ஆண்களும் பெண்களும் அதற்குத் தம் இசைவைச் சொல்ல வேண்டும். மனக்கசப்போ தீராத வேறுபாடோ இருந்தால் திருவிருந்தையே தள்ளிப்போடுவார்கள். ஆண்கள் மட்டுமே போதகராகலாம் என்பது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் யார் போதகராகத் தகுந்தவர் என்று பெயர் சொல்லும் உரிமை பெண்களுக்கும் உண்டு. போதிய பேர் முன்மொழிந்தவர்களின் முன்னால் பாட்டுப் புத்தகங்கள் வைக்கப்படும். எவர் எடுக்கும் புத்தகத்துக்குள் சீட்டு இருக்கிறதோ அவரே வாழ்நாள் முழுவதும் போதகர். சம்பளம் இல்லை, இறையியல் கல்லூரிப் பட்டம் இல்லை. மறுநாள் காலை அவர் தம் மாடுகளிடம் பால் கறக்கத் திரும்ப வேண்டியவர். பதவியைத் தேடிப் போகவும் முடியாது, பதவியால் செல்வம் சேர்க்கவும் முடியாது.

இப்படி ஒவ்வொரு சபையும் தனித்தனியே கூடிப் பேசுவதால்தான் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. லங்காஸ்டரில் மிதிவண்டி கூடாது, காலால் உந்தும் ஸ்கூட்டரில் போகிறார்கள். இந்தியானாவின் வடபகுதியில் மிதிவண்டி எங்கும் ஓடுகிறது. லங்காஸ்டரில் குதிரை வண்டியின் கூண்டு சாம்பல் நிறம், ஒகாயோவில் கறுப்பு, பென்சில்வேனியாவின் மிஃப்ளின் மாவட்டத்தில் ஒரு பிரிவாருக்கு மஞ்சள், இன்னொரு பிரிவாருக்கு வெள்ளை. ஸ்வார்ட்சென்ட்ரூபர் என்னும் மிகக் கண்டிப்பான பிரிவினர், மெதுவாகச் செல்லும் வண்டி என்று எச்சரிக்கப் பின்னால் மாட்டும் செம்மஞ்சள் முக்கோணத்தையே பகட்டு என்று மறுத்து நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அந்த ஒரு முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் இரவில் அந்தச் சாலையில் பிறர் உயிரும் இருக்கிறது. எதிரணி சொல்வதுபோல் பழங்காலத்தில் உறைந்தவர்கள் என்றால் எல்லோரும் ஒரே இடத்தில் அல்லவா உறைந்திருக்க வேண்டும்?

இனி நம்பிக்கைக்கு வருகிறேன். 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, அறிந்து விரும்பிக் கேட்கும் பெரியவருக்கே அது உரியது என்று சொல்லி, ஒரு சிறு கூட்டம் தமக்குள் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டது. அரசும் திருச்சபையும் ஒன்றாக இருந்த காலத்தில் அது அரசையே மறுப்பதற்குச் சமம். இரண்டே ஆண்டில், 1527-ல், அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ட்ஸைக் கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். 1693-ல் யாக்கோப் அம்மான் என்பவர் சபை ஒழுங்கைக் கடுமையாக்க வேண்டும் என்று பிரிந்து போனதில் உருவானவர்களே ஆமிஷ் மக்கள். அவர் பெயரே அவர்களுக்கு ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். ஐரோப்பாவில் எஞ்சிய கடைசிச் சபையும் 1937-ல், அதே மரபில் வந்த மெனோனைட் சபையோடு இணைந்துவிட்டது. நடுவர் அவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்: நம்பிக்கையை மனிதன் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்று சொன்னதற்காகவே ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள்.

அந்தக் கொள்கை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆமிஷ் வீட்டில் பிறப்பதால் ஒருவர் சபை உறுப்பினர் ஆவதில்லை. 16 வயதில் தொடங்கும் ரம்ஸ்ப்ரிங்கா என்னும் இளமைக் காலத்தில் அவர்கள் சபையின் ஒழுங்குக்கு இன்னும் கட்டுப்படாதவர்கள். தொலைக்காட்சி காட்டுவதுபோல் எல்லோரும் நகரத்துக்கு ஓடிக் குடித்துத் திரிவதில்லை. பெரும்பாலோர் பெற்றோர் வீட்டிலேயே இருந்து, ஞாயிறு மாலைகளில் இளைஞர் கூடும் பாட்டுக் கூட்டங்களுக்குப் போய், துணையைத் தேடிக்கொள்கிறார்கள். சிலர் கார் வாங்குகிறார்கள், சிலர் வெளியேறிவிடுகிறார்கள். பிறகு பெரும்பாலும் 18-க்கும் 22-க்கும் இடைப்பட்ட வயதில், பாடம் கேட்டு, இன்னும் விலகிக்கொள்ளலாம் என்று எச்சரிக்கப்பட்ட பின்பே உறுதிமொழி. அப்படிக் கேட்கப்படும் பிள்ளைகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சேர்கிறார்கள். 1900-ல் சில ஆயிரங்களாக இருந்த மக்கள் இன்று 4 லட்சத்தை எட்டியிருக்கிறார்கள்.

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். ஒதுக்கிவைத்தல் உண்டு. ஒரே மேசையில் சேர்ந்து உண்ணாமை, கையிலிருந்து நேரே பொருள் வாங்காமை என்று அது தாயையும் மகனையும் பிரிக்கும். அந்த வலியை நான் சிறிதாக்கிப் பேசமாட்டேன். ஆனால் அது ஞானஸ்நானம் எடுக்காமல் விலகிய பிள்ளைக்குப் பொருந்தாது. எடுத்த உறுதிமொழியை முறித்தவருக்கே பொருந்தும். சபையின் முன் அவர் திரும்பி வந்து ஒப்புக்கொண்டால் எந்த வயதிலும் நீங்கிவிடும். இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. சிறார் மீது நடந்த பாலியல் குற்றங்கள் சில சபைகளில் மன்னிப்புக் கேட்டதோடு முடித்துவைக்கப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பின்பே காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்திருக்கின்றன. மன்னிப்பு ஒரு குழந்தைக்குரிய பாதுகாப்பை விலையாகக் கேட்கக் கூடாது. இதை நான் எந்த அணியில் நின்றாலும் சொல்வேன். ஆயினும் இது குற்றம், அதற்குத் தண்டனை வேண்டும் என்பதுதான் இதிலிருந்து வரும் முடிவு. அந்த மக்களின் வாழ்வு முழுதும் சிந்தனையற்றது என்ற முடிவு வராது.

படிப்பைப் பற்றிச் சொன்னார்கள். ஆமிஷ் பிள்ளைகள் நெடுங்காலம் கிராமத்து ஓரறைப் பொதுப்பள்ளிகளில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தே படித்தவர்கள். அந்தச் சிறு பள்ளிகளை மூடி, தொலைவில் பெரிய பள்ளிகளைக் கட்டி, உயர்நிலைப் படிப்பைக் கட்டாயமாக்கியபோதுதான் மோதல் வந்தது. 1965-ல் அயோவா மாநிலத்தில் பிள்ளைகளை வலிந்து பேருந்தில் ஏற்றிக்கொண்டு போக அதிகாரிகள் வந்தபோது, பிள்ளைகள் சோளக் காட்டுக்குள் ஓடும் படம் நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. விஸ்கான்சினில் மூன்று தந்தையருக்குத் தலா 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. வழக்காடுவது ஆமிஷ் மரபு அன்று. பிற கிறிஸ்தவர்களும் வழக்கறிஞர்களும் குழுவாகச் சேர்ந்து அவர்களுக்காக வாதாடினார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி டக்ளஸ் ஓரளவு மாறுபட்டு, பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா என்று எழுதினார். அது நியாயமான கேள்வி, இன்றும் முழுமையாகத் தீராத கேள்வி என்றே கருதுகிறேன். ஆனால் எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. தச்சும் உழவும் கணக்கும் கடை நடத்தலும் கற்று, வீட்டில் பென்சில்வேனியா ஜெர்மனும், வழிபாட்டில் பழைய ஜெர்மனும், பள்ளியில் ஆங்கிலமுமாக மும்மொழியோடு வளர்கிறார்கள். முதியோருக்கான அரசு ஓய்வூதியமும் அவர்கள் கேட்பதில்லை. மூத்தோரை மகன் வீட்டை ஒட்டிக் கட்டிய சிறு வீட்டில் வைத்துப் பேணுகிறார்கள். அந்த ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்ட மறுத்த ஒரு விவசாயியின் குதிரைகளை அரசு 1961-ல் பறிமுதல் செய்த பிறகுதான், 1965-ல் சுயதொழில் செய்வோருக்கு விலக்குக் கிடைத்தது. வருமான வரியையும் பள்ளி வரியையும் அவர்கள் இன்றும் கட்டிவருகிறார்கள்.

நிறைவாக ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போக விரும்புகிறேன். ஆமிஷ் மக்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகியவர்கள்; அதனால் அரிய மரபணு நோய்கள் சில அவர்களிடம் அதிகம். அதில் ஒன்று குளுடாரிக் அசிடூரியா: பிறக்கும்போது நன்றாக இருக்கும் குழந்தை, சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்து போன பிறகு கை கால் அசைக்க முடியாமல் ஆகிவிடும். பல காலம் இதைப் பெருமூளை வாதம் என்றே எண்ணியிருந்தார்கள். ஹோம்ஸ் மார்ட்டன் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கண்டறிந்து, பிறந்தவுடன் சோதித்து, உணவை மாற்றி, காய்ச்சல் வந்த உடனே சிகிச்சை தந்தால் பெரும்பாலான குழந்தைகளைக் காக்கலாம் என்று காட்டினார். 1989-ல் அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு, 1990-ல் ஸ்ட்ராஸ்பர்க் ஊரருகே ஆமிஷ், மெனோனைட் தச்சர்களே மரச் சட்டங்களைத் தோளில் ஏற்றிக் கட்டடம் எழுப்பினார்கள், களஞ்சியம் கட்டுவதுபோல. உள்ளே வைத்தவை மரபணுவையும் வளர்சிதை மாற்றத்தையும் ஆராயும் நவீனக் கருவிகள். காப்பீடு எடுக்காத அந்த மக்கள், ஆண்டுதோறும் தாங்கள் தைத்த போர்வைகளையும் செய்த மேசை நாற்காலிகளையும் ஏலத்தில் விற்று, அந்த மருத்துவமனையை நடத்தப் பணம் சேர்க்கிறார்கள்.

எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். வீட்டுக்கு மின்கம்பி வேண்டாம் என்றவர்கள், தம் குழந்தையின் மரபணுவைப் படிக்கும் ஆய்வகத்துக்குத் தம் கையாலேயே கூரை போட்டது எந்தப் பழமைப் பிடிவாதத்தால் என்று, இந்த மேடையில் அவர் விளக்கட்டும். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கும் பொறுமையோடு கேட்ட அவையினருக்கும் என் நன்றி.