காரை மட்டும் காட்டினால் படத்தைச் சொல்வீர்களா?

[திரையில்: ஒரு படத்தின் காட்சி. நடிகர்களின் முகம் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கப்பட்டிருக்கிறது. கார் மட்டும் தெரிகிறது.]

இந்தக் காட்சியில் முகங்களை எல்லாம் மறைத்துவிட்டேன், சத்தத்தையும் எடுத்துவிட்டேன், மிச்சம் இருப்பது கார் மட்டும்தான். கதவு பக்கவாட்டில் திறக்காமல் கழுகு இறக்கையை விரிக்கிற மாதிரி மேலே போகிறது, உடம்பில் பெயிண்டே கிடையாது, நம் வீட்டுக் குடம் மாதிரி சுத்தமான எவர்சில்வர் பளபளப்பு. என்ன படம்?

சொல்லிவிட்டீர்கள். 1985-இல் வந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’, கார் டெலோரியன். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் மொத்தமே ஏறத்தாழ 9,000 கார்கள் செய்தார்கள், படம் வருவதற்கு முன்பே கம்பெனி மூழ்கிவிட்டது. முதலில் எழுதிய கதையில் கால இயந்திரம் கார் இல்லை, ஒரு ஃபிரிட்ஜ். அதை மாற்றி இந்தக் காரை வைத்தார்கள், இன்றைக்கு அந்தக் காரைப் பார்த்து வேறு படத்தைச் சொல்பவர் யாரும் இல்லை.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், தெரியும்தானே? அந்த நேரத்தில் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து நண்பர்களோடு நான் விளையாடும் விளையாட்டு இதுதான். ஒருவர் போனில் காரை மட்டும் காட்டுவார், மற்றவர்கள் படத்தைச் சொல்ல வேண்டும். டெலோரியன் மாதிரி, 1964 ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்து ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 மாதிரி, அபூர்வமான கார் வந்தால் ஒரு நொடியில் ஆட்டம் முடிந்துவிடும். அம்பாசிடர் வந்தால்தான் சண்டையே ஆரம்பிக்கும். அம்பாசிடர் வராத தமிழ்ப் படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

[திரையில்: மூன்று அம்பாசிடர் முன்பக்கங்கள், வரிசையாக.]

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் டாக்ஸி ஓட்டிய என் பெரியப்பா. அவர் வீட்டுக் கொட்டகைச் சுவரில் அம்பாசிடர் முகப்பில் மாட்டுகிற இரண்டு பழைய கிரில்கள் ஆணியில் தொங்கும். ஒன்றைக் கழற்றி என் மடியில் வைத்து, “விரலை விட்டுப் பாருடா” என்றார். சின்னச் சின்னக் கட்டம், சுண்டு விரல் நுனிகூட நுழையவில்லை. “இது மார்க் டூ. ஆயுத பூஜைக்கு முன்னாடி இதைச் சுத்தம் பண்ண பழைய டூத் பிரஷ் வேணும்.” அடுத்ததைக் கொடுத்தார், அதில் கட்டங்கள் பெரிது, துணியைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்துவிடலாம். “இது மார்க் ஃபோர்.” அன்றையிலிருந்து என்னால் எந்த அம்பாசிடரையும் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

மார்க் என்பது அம்பாசிடரின் அடுத்தடுத்த வடிவங்களுக்கு வைத்த பெயர். 60-களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2-க்கு நெருக்கமான கட்டம், 1975-இல் வந்த மார்க் 3-க்குக் குறுக்குக் கம்பிகள், பார்க்கிங் விளக்கு வட்டம். 1979 மார்க் 4-க்குப் பெரிய கட்டம், பார்க்கிங் விளக்கும் சதுரம். கிரில் கழற்றி மாட்டுகிற சாமான் என்பதால் அதை மட்டும் நம்பாமல் விளக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, இங்கேதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். மார்க் 2 தெரிந்தால் உடனே “இது 60-களின் படம்” என்கிறார்கள். அந்தக் காரை வாங்கியவர் 1990 வரைக்கும் ஓட்டியிருக்கலாமே! பெரியப்பாவே ஒரே வண்டியை இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார், இரண்டு தடவை இன்ஜின் இறக்கி வேலை பார்த்தார், அவ்வளவுதான். ஒரு கார் “இந்த வருஷத்துக்கு முன்னால் இந்தக் காட்சியை எடுத்திருக்க முடியாது” என்று மட்டும்தான் சொல்லும். அதனால் ஹீரோ ஏறுகிற காரை விடுங்கள், சட்டகத்தில் இருப்பதிலேயே புதிய வண்டி எது என்று தேடுங்கள். அது பெரும்பாலும் பின்னால், டீக்கடை ஓரத்தில், யாரும் கவனிக்காமல் நிற்கும்.

[திரையில்: தெருக் காட்சி. மூலையில் நிற்கும் சின்ன வெள்ளைக் காரைச் சுற்றி வட்டம்.]

தெருக் கோடியில் மாருதி 800 தெரிகிறதா? முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தது 1983 டிசம்பர் 14-இல், அதற்கு முன்னால் எடுத்த படமாக இருக்க வழியே இல்லை. முகம் கொஞ்சம் வழவழப்பாக, இரண்டாவது வடிவமாக இருந்தால் 1986-ஐத் தாண்டிவிட்டோம். பண்ணையார் வீட்டு வாசலில் கான்டெஸா நின்றால் 1984-க்குப் பிறகு, அடியாட்கள் சுமோவில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தால் 1994-க்குப் பிறகு, அதே ஆட்கள் ஸ்கார்பியோவுக்கு மாறிவிட்டால் 2002-க்குப் பிறகு. நடிகரின் வயதைப் பார்த்து வருஷம் சொல்வதைவிட இது எவ்வளவோ நம்பகமானது, மேக்கப் போட்டால் மனிதர் முகம் மாறும், ஓரமாக நிற்கிற காருக்கு யாரும் மேக்கப் போடுவதில்லை.

நம் ஊர்க் காரர் ஒருவரை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னையை ஒட்டி வண்டலூரில் செய்தது, 1961-இலிருந்து வந்தது. பானெட்டைத் திறந்தால் மூடி மட்டும் திறக்காது, மட்கார்டு, விளக்கு எல்லாமாகச் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கம் சாயும், முன் சக்கரம் வரைக்கும் வெட்டவெளி. வண்டி நின்றுபோய் யாராவது பானெட்டைத் தூக்குகிற காட்சி பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வந்தால் அப்படியே நிறுத்திப் பாருங்கள், முகமே சாய்ந்தால் அது ஹெரால்ட், வேறு யோசனையே வேண்டாம்.

நம்பர் பிளேட்டுக்கு வருவோம். டிஎன் 31 கடலூர், பிஒய் 01 புதுச்சேரி. இந்த மாதிரி மாநில எழுத்து, வட்டார எண் என்று போடும் முறை வந்தது 1989-இல்தான், அதனால் 1980-இல் நடக்கிற கதையில் டிஎன் 31 ஓடினால் கலை இயக்குநர் பார்க்காமல் விட்டிருக்கிறார் என்று பொருள். ஆனால் பிஒய் 01 பார்த்ததும் “ஆ, எங்க ஊர்ல எடுத்த படம்!” என்று குதிக்காதீர்கள். இங்கே சாலை வரி குறைவு என்பதற்காக எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் பெரிய கார்களை இங்கே பதிந்திருக்கிறார்கள், அந்த வண்டிகள் பாதி இந்தியாவில் ஓடுகின்றன. பிரிட்டிஷ் கார் என்றால் பிளேட் இன்னும் தெளிவாகப் பேசும். ‘கோல்ட்ஃபிங்கர்’ காரின் எண் பிஎம்டி 216ஏ. கடைசியில் உள்ள அந்த ஏ எழுத்து 1963-ஆம் வருஷப் பதிவு என்பதற்கான அடையாளம்.

[திரையில்: மேடும் பள்ளமுமான சான்பிரான்சிஸ்கோ தெரு. பச்சை மஸ்டாங், கறுப்பு சார்ஜர்.]

பின்னால் இருக்கிற வண்டியைப் பாருங்கள் என்றேன் இல்லையா, அதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 1968-இல் வந்த ‘புல்லிட்’. ஃபோர்டு மஸ்டாங்கும் டாட்ஜ் சார்ஜரும் பத்து நிமிஷத்துக்கு மேல் துரத்திக்கொள்ளும். இரண்டாவது முறை பார்க்கும்போது மஸ்டாங்கை மறந்துவிட்டு ஓரமாகப் போகிற பச்சை ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை மட்டும் தேடுங்கள். ஒரு தடவை முந்துகிறார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே பீட்டில், மறுபடியும் முந்துகிறார்கள்! ஒரே ஓட்டத்தைப் பல கேமராக்களில் எடுத்து, அடுத்தடுத்து நடந்த மாதிரி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சார்ஜரின் வீல் கப்பும் அப்படித்தான், நான்கு சக்கரத்துக்கு நான்கைவிட அதிகமாகக் கழன்று ஓடுகிறது. அந்தப் படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான், எண்ணிப் பார்க்காத வரைக்கும் மூச்சை விடவிடாமல் இழுத்துப் போகிறது.

கடைசியாக, புதுச்சேரிக்காரன் என்ற முறையில் எனக்கு மிகப் பிடித்த கார். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சிட்ரோயன் டிஎஸ் படத்தைக் காட்டினால் அவர் டிஎஸ் என்று சொல்லமாட்டார், “தேயெஸ்” என்பார். அந்த இரண்டு எழுத்தைப் பிரெஞ்சில் சேர்த்துச் சொன்னால் தேவி என்று அர்த்தம் வரும். 1962 ஆகஸ்ட் 16-இல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தது. சரியாக ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, பாரிஸுக்கு வெளியே அதிபர் டி கால் போன டிஎஸ் மீது துப்பாக்கியால் சுட்டார்கள். டயர்கள் கிழிந்தும் கார் நிலைகுலையாமல் வேகம் எடுத்துத் தப்பியது. வழக்கமான ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் காரைத் தாங்குவதுதான் இதற்குப் பெரிய காரணம், சக்கரம் கெட்டாலும் உடம்பை மட்டமாக வைத்திருக்க அது முயலும். 1973-இல் வந்த ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ இந்தச் சம்பவத்தில்தான் ஆரம்பிக்கும். நீங்கள் பார்க்கும்போது டிஎஸ்களின் ஹெட்லைட்டைக் கவனியுங்கள். விளக்குக்கு மேல் கண்ணாடி மூடியும், ஸ்டியரிங்கோடு திரும்புகிற பல்பும் 1967-இல் வந்தவை, 1962 கதையில் நிற்க வேண்டியது மூடி இல்லாத விளக்குதான்.

[திரையில்: ஒலிவ மரங்களுக்கு நடுவே சரிவான பாதை. முகங்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

உங்களுக்கு ஒன்று. மஞ்சள் நிறக் குட்டிக் கார், இதுவும் சிட்ரோயன்தான், உழுத வயலில் முட்டைக் கூடையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது என்று யோசித்துச் செய்த வண்டி. கதை நடப்பது ஸ்பெயினில், எடுத்தது கிரேக்கத் தீவில். வருஷம் 1981. துரத்துகிறவர்களிடம் நல்ல வேகமான கார்கள் இருக்கின்றன, இந்த வண்டியில் இருக்கிறவரோ வழக்கமாக இதைவிடப் பல மடங்கு விலையுள்ள காரில் போகிறவர். படத்தின் பெயரைக் கீழே எழுதுங்கள், வண்டியின் மாடலையும் சேர்த்து.