கஞ்சி வாங்கிய தெரு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை மண்ணடிக்கு அருகில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. ஆர்மீனியன் தெரு என்பதுதான் நம் வாயில் அப்படி ஆனது. அந்த ஒரே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயில், ஆர்மீனியர் தேவாலயம், செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாரைத் தேடிக் கூட்டம் வரும் மாதா கோயில் எல்லாம் உண்டு. அங்கே மெழுகுவத்தி ஏற்றும் பெண்கள் பலரின் நெற்றியில் குங்குமம் இருக்கும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்கோடு நிற்கும் பிள்ளைகளிடம் யாரும் மதம் கேட்பதில்லை. நானும் நின்றிருக்கிறேன். சூடு தாங்காமல் சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கஞ்சி தளும்பத் தளும்ப வீட்டுக்கு வருவேன்.

இதையே மதச்சார்பின்மை என்று மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது நல்லிணக்கம், மனம் இருக்கும்வரை இருக்கும். மதச்சார்பின்மை அரசின் கடமை. பிரான்ஸ் 1905இல் சட்டம் போட்டு அரசையும் மதத்தையும் பிரித்தது. நாம் அந்த வழியில் போகவில்லை. இங்கே 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி கோயில் நிர்வாகத்தை அறநிலையத்துறை பார்க்கிறது, நோன்புக் கஞ்சிக்கு அரசு அரிசி கொடுக்கிறது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் முகவுரையில் மதச்சார்பின்மை 1976இல்தான் சேர்ந்தது. ஆனால் மதத்தைக் காட்டி அரசு யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அதன் 15ஆவது பிரிவு 1950 முதலே சொல்கிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வாடகை வீட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

அங்கேதான் என் மனம் கொதிக்கிறது. என் சிறுவயது நண்பர் இஸ்லாமியர், மண்ணடியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு பார்க்க இருவரும் போனோம். வீட்டுக்காரர் அன்பானவர், மோர் கொடுத்தார். முன்பணம்வரை பேசிவிட்டு, "தம்பி பேர் என்ன?" என்றார். பெயரைக் கேட்டதும் குரல் தணிந்தது. "போன வாரமே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், மறந்தே போனேன்."

மறுநாள் அந்த வழியாகப் போனேன். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை கேட்டில் அப்படியே தொங்கியது. அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நோன்புக் கஞ்சியை அவரும் விரும்பிக் குடித்திருப்பார். அதனால்தான் நல்ல மனதை மட்டும் நம்பியிருக்க முடியாது, வீட்டு வாடகைக்கும் சட்டம் வேண்டும் என்கிறேன்.

நண்பருக்கு மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு மாதவரத்தில் வீடு கிடைத்தது. கடை திறக்க இப்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார்.