மூணாம் நாள் போய்ப் பார்க்கணும்

(செவிலியர் தினத்தை ஒட்டி ஒரு செவிலியர் கல்லூரியில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். உங்கள் முதல்வர் அம்மா போன் செய்து பேசக் கூப்பிட்டபோது, "எனக்கு ஊசி என்றாலே பயம், நான் வந்து என்ன பேச?" என்று கேட்டேன். "உங்கள் பாட்டியைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். சரி, அது எனக்குத் தெரிந்த பாடம்.

பாட்டி என்று சொன்னால் யாரையோ சொல்வது போல இருக்கிறது. எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவர் அம்மாச்சி. எனக்கு அம்மாச்சி, ஊருக்கு நர்சம்மா. அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்கு வீடு காட்டத் தெரியாது.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ராமச்சந்திரனும் தொடங்கியது. சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சின்ன வயதிலேயே முதல் கணவரை இழந்து, அதற்குப் பிறகு டாக்டருக்குப் படித்தவர். அங்கே துணைச் செவிலியர் பயிற்சிக்குப் போன கிராமத்துப் பெண்களில் அம்மாச்சியும் ஒருவர். படிப்பு முடிந்து சிறுமலை அடிவாரத்தில் வேலை. ஓர் அறை, ஒரு ஸ்டவ், கண்ணாடிச் சிரிஞ்சுகளைக் கொதிக்க வைக்க ஒரு பாத்திரம், வாசலில் ஒரு வேம்பு. கொதித்த தண்ணீரைக் கூடக் கீழே கொட்ட மாட்டார். ஆற வைத்துச் செடிக்கு ஊற்றுவார்.

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: "மூணாம் நாள் போய்ப் பார்க்கணும்." பிரசவம் பார்த்துவிட்டு வந்த இரவே அதைச் சொல்லிக்கொண்டுதான் படுப்பார்.

ஏன் மூணாம் நாள்? உங்களுக்கு இது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. அவருக்குக் கண்ணால் பார்த்த கொடுமை. பிறந்த குழந்தை இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கும். அப்புறம் காம்பைப் பிடிக்காது. தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிப்போவார்கள். அதுதான் ரணஜன்னி, டெட்டனஸ். தொப்புள்கொடியைக் கையில் கிடைத்த அரிவாளாலோ பழைய பிளேடாலோ அறுத்திருப்பார்கள், மேலே சாம்பலோ சாணியோ அப்பியிருப்பார்கள். கர்ப்பத்தில் இரண்டு ஊசி, கொதிக்க வைத்த பிளேடு, சுத்தமான நூல், இவ்வளவுதான் தடுப்பு. ஆனால் கொடியைச் சுத்தமாக அறுத்துக் கட்டிவிட்டு நர்சம்மா திரும்பிய பிறகு, மறுநாள் ஒரு பெரியம்மா வந்து சாணியை அப்பிவிட்டால்? அதற்குத்தான் மூணாம் நாள். அப்புறம் ஏழாம் நாள். மருத்துவச்சிகளோடு அவர் சண்டை போட்டதில்லை. அவர்களையே கூட உட்கார வைத்துத் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்வார். தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது 2015இல்தான். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டியபோது, "ஊசி போடுறத விட்டுறாதீங்க" என்றார். அவ்வளவுதான், கொண்டாட்டம் ஒன்றுமில்லை.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பெண்கள் வாங்கிக்கொண்டு குப்பைக்குழியில் போட்டுவிடுவார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். அம்மாச்சி திடீரென்று வீட்டுக்குப் போய், "தாயி, அந்த மாத்திரையக் கொஞ்சம் எடு" என்று எண்ணிப் பார்ப்பார். கணக்கு சரியாக இருந்தால் முருங்கைக்கீரை ஒரு கட்டு பரிசு. பல வருடம் கழித்து, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைப் பற்றிப் படித்தேன். நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும் வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டை வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். காசநோய்க்கு வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கும் முறைக்கு உலகமே மாற அது ஒரு பெரிய காரணம். அதிலும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை உண்டு. "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் மூணாம் நாள் போன மகராசி, எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவா" என்பார். வந்ததும் டார்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு மூன்று பிள்ளைகளின் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பாராம். அம்மா தூங்குவது போலக் கிடப்பாராம், முழித்தால் கை எடுத்துவிடுவாரே என்று. இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் குறை எங்கே போனதென்றே தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, ஆள்தான் மாறியது. ஒரு வருடம் வாசல் மல்லிகைப் புதரில் சின்னான் குருவி கூடு கட்டியது. கொண்டையும் வாலடியில் சிவப்பும் இருக்குமே, அதுதான். குஞ்சு பறக்கும்வரை கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தப் பக்கம் யாரும் பூப்பறிக்கக் கூடாது. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கே கடையில்தான் பூ வாங்கினோம். அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

மரம் நடுவதில் அவர் கஞ்சம். திரும்பப் போய்ப் பார்க்க முடிகிற அளவுக்குத்தான் நடுவார், வருடத்துக்கு இரண்டோ மூன்றோ. அவர் இறந்த பிறகு அலமாரியில் ஒரு பழைய நோட்டு கிடைத்தது. முன்பக்கமெல்லாம் கர்ப்பிணிகள், மாதம், ஊசி போட்ட தேதி. பின்பக்கமிருந்து திருப்பினால் அதே கோடு, அதே கட்டம், அதே கையெழுத்து: "புங்கை, மேற்கு வேலி. வாட்டம். தண்ணீர் போதவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி பார்." அடுத்த வரி: "பார்த்தது. துளிர் இரண்டு."

சரி, நேரமாகிவிட்டது, உங்கள் முதல்வர் அம்மாவும் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்று காலை கேட்டுக்குப் பக்கத்தில் என் கையாலும் ஒரு புங்கங்கன்று நட வைத்தீர்கள். போட்டோவும் எடுத்தாயிற்று. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன், வாட்ச்மேன் அண்ணனிடம் மட்டும் யாராவது சொல்லி வையுங்கள். ஒரு வாளியும் வேண்டும்.