வைரல் லோடு ஏறிவிட்டது, இனி மாத்திரை கேட்காதா?

சரி, அடுத்த கேள்வி. லாரி ஓட்டுகிற ஒரு நண்பர் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். 6 வருஷமாக எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கிறார், போன வருஷம் வரை ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்றுதான் ரிசல்ட். நடுவில் வடநாட்டு லோடு ஒன்றில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்ப நாளாகிவிட்டது, கையில் இருந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இழுத்திருக்கிறார். இப்போது வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் இருக்கிற வைரஸின் எண்ணிக்கை, 2,400. "மாத்திரை என் உடம்புக்குப் பழகிப்போச்சா சார், இனிமே கேட்காதா?" என்கிறார். மனைவிக்கு எச்.ஐ.வி. இல்லை, அவரைப் பற்றியும் கேட்டிருக்கிறார், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உடம்புக்கு மாத்திரை பழகிப்போவது என்று ஒன்று இதில் கிடையாது. பழகினால் வைரஸ்தான் பழகும். அது எப்படி என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எச்.ஐ.வி. தன்னை நகல் எடுக்கும்போது நிறையப் பிழை விடும், ப்ரூஃப் பார்க்க ஆளில்லாத அச்சகம் மாதிரி. அதன் மரபணுவில் மொத்தமே சுமார் 10,000 எழுத்துதான். மருந்தே எடுக்காத ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்கு நூறு கோடிக்கும் மேல் புது வைரஸ் உருவாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எந்தெந்த எழுத்து மாற முடியுமோ அதெல்லாம் ஏதோ ஒரு வைரஸில் தினமும் மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் உருப்படாத மாற்றங்கள், அந்த வைரஸே செத்துவிடும். ஆனால் ஒன்றிரண்டு மாற்றம் ஒரு குறிப்பிட்ட மருந்து போய் ஒட்டுகிற இடத்தில் விழுந்துவிட்டால் அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. 1987இல் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து வந்தபோது தனி மருந்தாகத்தான் கொடுத்தார்கள், இரண்டே வருஷத்தில் அதற்கு எதிர்ப்பு உள்ள வைரஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1996 வாக்கில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. ஏனென்றால் மூன்றையும் ஒரே நேரத்தில் தாண்டுகிற வைரஸ் உருவாவது ரொம்பக் கஷ்டம், அதோடு மூன்றும் முழு அளவில் ரத்தத்தில் இருக்கும்போது வைரஸ் நகலே எடுக்க முடியாது, நகல் இல்லை என்றால் பிழையும் இல்லை.

மருந்து முழுசாக இருந்தால் வைரஸ் பெருகாது. மருந்தே இல்லை என்றால் பெருகும், ஆனால் எதிர்ப்பு உள்ள வைரஸுக்குத் தனிச் சலுகை ஒன்றும் கிடைக்காது. அரைகுறையாக இருக்கும்போதுதான் வைரஸ் பெருகவும் செய்கிறது, மருந்தைத் தாங்குகிற வைரஸ் மட்டும் முன்னுக்கு வரவும் செய்கிறது. நண்பர் சிக்கனமாக இழுத்துப் போட்டார் பாருங்கள், அந்த இடம்தான் இது. அவர் நல்லதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார், அடியோடு நிறுத்துவதை விட இது மேல் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் 2,400 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்ப்பு வந்துவிட்டது என்று நானும் சொல்ல முடியாது, உங்கள் மையத்தில் இருக்கிற டாக்டரும் சொல்ல மாட்டார். இப்போது ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலும் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் இருக்கிற டி.எல்.டி. முன்பு எஃபாவிரென்ஸ், நெவிரபின் கொடுத்த காலத்தில் நிலைமையே வேறு. கே103என் என்று ஒரே ஒரு மாற்றம் போதும், அந்த இரண்டு மருந்துமே காலி. எஃபாவிரென்ஸில் இன்னொரு வம்பு, மாத்திரையை நிறுத்தினால் கூட்டாளி மருந்துகள் முதலில் போய்விடும், இது மட்டும் பல நாள் உடம்பில் தங்கித் தனி ஆளாக நிற்கும். டோலுடெக்ராவிரை வைரஸ் அவ்வளவு லேசில் தாண்டிவிடாது. அதற்காகத் தாண்டவே தாண்டாது என்றும் இல்லை, 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் டோலுடெக்ராவிருக்கு எதிர்ப்பு 3.9 முதல் 8.6 சதவீதம் வரை காணப்பட்டதாகவும், வைரஸ் கட்டுப்படாத நிலையிலேயே இந்த மருந்துக்கு மாறியவர்களில் 19.6 சதவீதம் வரை போனதாகவும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பயம் அந்தக் கடைசி எண்ணில்தான்.

அதனால் நண்பரே, இன்றிலிருந்து ஒருநாளும் விடாமல் போடுங்கள். வைரல் லோடு 1,000க்கு மேல் வந்தால் மையத்தில் கவுன்சலிங் கொடுத்து, சுமார் 3 மாதம் ஒழுங்காக எடுக்க வைத்து, திரும்ப டெஸ்ட் எடுப்பார்கள். நிறையப் பேருக்கு அதிலேயே இறங்கிவிடும், அப்படி இறங்கினால் அதே மாத்திரைதான் தொடரும். இறங்கவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். அப்போது எந்த மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று வைரஸின் மரபணுவில் பார்க்கும் ஜீனோடைப் டெஸ்ட் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள், மாத்திரையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே ரத்தம் கொடுக்க வேண்டும். "டெஸ்ட்தானே, முடியட்டும்" என்று மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போனால் பழைய சாதா வைரஸ் மேலே வந்து எதிர்ப்பு உள்ளதை மறைத்துவிடும், டெஸ்ட் சுத்தமாக வரும். ஆனால் மறைந்தது அழிந்துவிடவில்லை, செல்களுக்குள் பதுங்கி இருக்கும், அதே மருந்தை மறுபடி ஆரம்பித்தால் எழுந்துவிடும்.

கேட்க மறந்துவிட்டேன், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல் சகஜம், ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் குடிப்பீர்களா? அதில் இருக்கிற அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராது. இந்த மாத்திரையைப் போட்டு 2 மணி நேரம் கழித்து ஆன்டாசிட் குடிக்கலாம், ஆன்டாசிட் முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் போடும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளிதான், சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். பான்டோபிரசோல் போன்றவை டி.எல்.டி.யோடு பிரச்சினை இல்லை. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவர்களுக்கு டோலுடெக்ராவிரை ஒருநாளைக்கு இரண்டு வேளையாக்க வேண்டும், இதை டி.பி. டாக்டரிடமும் ஏ.ஆர்.டி. டாக்டரிடமும் நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பயணம். நீண்ட லோடு என்றால் கிளம்பும் முன்பே மையத்தில் சொல்லுங்கள், கூடுதல் மாத்திரை கேளுங்கள். வழியில் தீரப்போகிறது என்று தெரிந்தால் இழுக்காதீர்கள், 1097க்கு போன் போட்டுப் பக்கத்தில் எந்த ஊரில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது என்று கேளுங்கள். ஒருநாள் மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போட்டால் போதும். இரண்டு சேர்த்துப் போட வேண்டாம்.

மனைவி விஷயம். வைரல் லோடு 200க்குக் கீழ் நிலையாக இருக்கும்வரை உடலுறவு மூலம் அவருக்குத் தொற்றாது என்று நாம் முன்பு பேசியது சரிதான், ஆனால் 2,400இல் அந்தப் பேச்சு செல்லாது. திரும்ப இறங்கியது என்று ரிசல்ட் கையில் வரும்வரை காண்டம் கட்டாயம். மாத்திரை விட்டுப்போன நாட்களில் உறவு இருந்திருந்தால் அவரை நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப்போய் டெஸ்ட் எடுங்கள், நெகட்டிவ் வந்தாலும் 3 மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் நடந்தது என்றால் டெஸ்டுக்கு நாள் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தடுப்பு மருந்து கொடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.