கைரோவின் பழந்தாள்களும் கோய்டைனும்

அவையோருக்கு என் வணக்கம்.

யூதர்களின் புலம்பெயர் வரலாறு என்றாலே வெளியேற்றங்களும் படுகொலைகளும் ஒருபுறம், ரபிகள் எனப்படும் யூத சமய அறிஞர்களின் நூல்கள் மறுபுறம் என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. இவற்றுக்கு நடுவே கடன் வாங்கி, வணிகம் செய்து, மகளுக்கு மணம் முடித்து வாழ்ந்த எளிய மனிதர்களை வரலாற்றுக்குள் அழைத்து வந்தவர் ஷெலோமோ டோவ் கோய்டைன்.

1900ஆம் ஆண்டு பவேரியாவில் ரபி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ஃபிராங்க்ஃபர்ட்டிலும் பெர்லினிலும் அரபு மொழியையும் இஸ்லாமியவியலையும் பயின்று, குர்ஆன் கூறும் தொழுகையைப் பற்றி ஆய்வேடு எழுதி, 1923இல் பாலஸ்தீனத்தில் குடியேறினார். எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே, ஏமனிலிருந்து வந்த யூத நெசவாளர்களையும் கைவினைஞர்களையும் தேடிச் சென்று, அவர்களுடைய அரபுப் பேச்சையும் பழமொழிகளையும் வழக்கங்களையும் பதிவு செய்தார். இந்தப் பழக்கமே பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பழைய கைரோவான ஃபுஸ்டாட்டில் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடம் உள்ளது. இறைவன் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய தாளை அழிக்கலாகாது என்ற மரபினால், அங்குள்ள ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் தாள்கள் குவிந்தன. 1896–97இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அறிஞர் பலர் அவற்றில் சமய நூல்களையே தேடியபோது, கோய்டைன் கடிதங்கள், திருமண ஒப்பந்தங்கள், கணக்குகள், ஏழைகளுக்கு ரொட்டி வழங்கிய பட்டியல்கள் ஆகியவற்றை எடுத்துப் படித்தார். அவற்றுள் மிகப் பல அரபு மொழியில், ஆனால் எபிரேய எழுத்தில் எழுதப்பட்டவை. இரு மொழிகளின் ஏட்டறிவோடு பேச்சு வழக்கையும் அறிந்தவருக்கே அவை வசப்படும்.

துனிசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரை அத்தாள்களிலேயே நாம் சந்திக்கிறோம். அவர் 12ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் தங்கி, வெண்கலப் பட்டறை நடத்தி, 1132இல் ஆஷு என்ற அடிமைப் பெண்ணுக்கு விடுதலை அளித்தார். 1149இல் ஏமனின் ஏடன் துறைமுகத்துக்குத் திரும்பியவர், சிசிலியை ஆண்ட நார்மானியர் கைப்பற்றிய மஹ்தியாவிலிருந்த தம் உடன்பிறந்தாரின் நிலையறியாது கலங்கி அவர்களுக்குக் கடிதம் எழுதினார். பேரரசர்களின் ஏடுகள் பொருட்படுத்தாத இந்தக் கலக்கத்தையும் கோய்டைன் வரலாற்றுச் சான்றாகவே மதித்தார்.

இத்தகைய தாள்களைக் கொண்டு அவர் எழுதிய ‘ஒரு மத்தியதரைக் கடல் சமுதாயம்’ 1967 முதல் வெளிவரத் தொடங்கியது. பொருளாதாரம், சமூக நிர்வாகம், குடும்பம், அன்றாட வாழ்க்கை, தனிமனிதன் என ஐந்து தொகுதிகளாக விரியும் அந்நூலில், யூதரும் முஸ்லிம்களும் அண்டை வீடுகளில் வாழ்ந்ததும், வணிகத்தில் கூட்டுச் சேர்ந்ததும் ஆவணங்களின் வழியே புலப்படுகின்றன. ஐந்தாம் தொகுதி, 1985இல் அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தைப் பற்றி அவர் 1950களிலேயே திரட்டத் தொடங்கிய கடிதங்களை அவருடைய மாணவர் மொர்தெகாய் ஃப்ரீட்மன் நிறைவு செய்து 2008இல் நூலாக வெளியிட்டார்.