கூழ் ஆறுவதற்குள் ஒரு மழைப்பேச்சு

(ஆடிக் கூழ் பூஜையன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் கோயில் மண்டபத்தில் பேசியது. பாதி ஆங்கிலத்தில்தான் பேசினேன், பிள்ளைகளுக்கு அதுதான் புரிகிறது. எழுதும்போது எல்லாவற்றையும் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.)

பின்கட்டில் கூழ் அண்டாவை இறக்கியாகிவிட்டது, வாசனை இங்கே வரைக்கும் வருகிறது, அதனால் நீட்ட மாட்டேன். செயலாளர் அண்ணன் இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவனுக்கு இருபது நிமிஷம் என்பது வகுப்பை அமைதிப்படுத்தவே போதாது. சரி, பார்ப்போம்.

ஆடி மாதத்தில் போய் வெள்ளத்தைப் பற்றி என்ன பேச்சு என்று வாசலிலேயே ஒரு மாமா மடக்கினார். நியாயமான கேள்வி. இந்த ஊரில் ஆடி என்றால் குளிர்காலம், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், மேட்டுப் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். மாரி என்றாலே மழை. அங்கே தமிழ்நாட்டில் நம் பாட்டன் பூட்டன் ஆடியில் கூழ் ஊற்றிவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். 1860இல் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது, பின்னாலேயே மற்றக் கப்பல்களும் வந்தன, நாம் மாதத்தை மாற்றவில்லை, ஆனால் பருவம் தலைகீழாகிவிட்டது. அதனால்தான் இன்றைக்குப் பேசுகிறேன். கால் நனையாமல் கால்வாய்க்குள் இறங்கி நிற்க முடிகிற மாதம் இதுதான்.

டர்பனைப் புரட்டிப்போட்ட வெள்ளங்களின் மாதங்களைச் சொல்கிறேன், கேளுங்கள். 1917 அக்டோபர். 1987 செப்டம்பர். 2019 ஏப்ரல். 2022 ஏப்ரல். கொளுத்துகிற கோடையை விட்டுவிட்டு, எல்லாமே பருவம் மாறுகிற மாதங்கள். 1984 ஜனவரிக் கடைசியில் வடக்கே டொமொய்னா வந்ததே என்று பெரியவர்கள் கேட்பீர்கள், அது வேறு ரகம், மொசாம்பிக் பக்கமாகக் கடலிலிருந்து ஏறி வந்த புயல். நான் சொல்கிறது கடலில் பிறக்காதது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றோட்டத்திலிருந்து ஒரு குளிர்ந்த சுழி அறுந்து தனியாக விழும். வானிலைக்காரர்கள் 'கட்-ஆஃப் லோ' என்கிறார்கள். தேர்க்கூட்டத்தில் அம்மா கையை விட்ட பிள்ளை மாதிரி எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். நகர்ந்துவிட்டால் பிழைத்தோம். நின்றுவிட்டால், கீழே நம் கரையோரக் கடலில் ஓடும் ஆகுலாஸ் என்ற வெந்நீரோட்டத்தின் மேல் ஊறிய ஈரக்காற்றை நம் கரைப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தக் காற்று நம் மேடுகளில் மோதி மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே கொட்டும், விடிய விடியக் கொட்டும்.

2022 ஏப்ரல் 11, 12 அப்படித்தான். மாரியம்மன் கோயில் இருக்கிற மவுண்ட் எட்ஜ்கோமில் மட்டும் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல். டர்பனுக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 1000 மில்லிமீட்டர்தான். மில்லிமீட்டர் என்றால் யாருக்கும் மனசில் பதியாது, அதனால் வேறு மாதிரி சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் வீட்டுக் கூரை 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். 300 மில்லிமீட்டர் பெய்தால் கூரையில் மட்டும் விழுவது 30,000 லிட்டர். பின்வாசலில் வைத்திருக்கிறீர்களே 5,000 லிட்டர் ஜோஜோ டேங்க், அதில் ஆறு. எடை 30 டன். இது ஒரு கூரை. உங்கள் தெருவில் எத்தனை கூரை?

அந்த 30 டன் எங்கே போகிறது? இங்கேதான் என் மானம் போகப்போகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கையில் கொஞ்சம் காசு இருந்தது. முற்றத்துப் புல்லை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டு முழுக்கப் பேவிங் கல் பதித்தேன். இரண்டு கார் நிறுத்தலாம், செருப்பில் சேறு ஒட்டாது, பெருக்குவதும் சுலபம் என்று வீட்டுக்காரிக்கும் சந்தோஷம். முன்னே அந்த முற்றம் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை, நான், பூகோள வாத்தியார். ஏப்ரல் 11 ராத்திரி தெரிந்தது. சரிவில் எங்களுக்குக் கீழ்வீடு ஒரு அக்காவுடையது. என் முற்றத்துத் தண்ணீர் மொத்தமும் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் இருந்த தடுப்புச்சுவரின் பின்னால் தேங்கியது, மண் ஊறிக் கனத்தது, சுவரில் தண்ணீர் வடிய ஒரு துளைகூட விட்டிருக்கவில்லை, விடியற்காலை சுவர் அப்படியே அவர்கள் சமையலறைக்குள் படுத்துவிட்டது. அக்கா பேத்தியை எழுப்பப் பக்கத்து அறைக்குப் போயிருந்ததால் தப்பினார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. காலையில் என்னிடம் 'மழையை யார் என்ன செய்ய முடியும் தம்பி' என்றார்.

செய்ய முடியும் அக்கா. சுவருக்குத் துளை விட முடியும்.

அந்த வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் போனார்கள். நம் கடலோரத்துச் செம்மண், டர்பனில் பெரியா என்கிற மேட்டில் இருக்கிறதே அது, காய்ந்திருக்கும்போது செங்கல் மாதிரி நிற்கும், முழுக்க ஊறினால் கூழ்தான். ஆறு ஏறி வந்தது போதாதென்று மலைச்சரிவும் இறங்கி வந்தது.

கொஞ்சம் பழைய கதைக்கு வருகிறேன். உம்கேனி ஆற்றோரம் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற தட்டை நிலத்தில் டின் டவுன் என்று ஒரு குடியிருப்பு, தகரக் கொட்டகைகள், ஒப்பந்தம் முடித்து வெளியே வந்த நம் ஆட்கள் அங்கே கீரையும் காயும் போட்டுப் பிழைத்தார்கள். ஆற்றுவண்டல் அருமையான மண், காய் நன்றாக வரும். ஆறு கொண்டுவந்து போட்ட மண் என்றால் ஆறு அங்கே வந்து போகும் என்றுதானே அர்த்தம்? நம் ஆட்களுக்கு அது தெரியாமல் இல்லை. மேட்டு நிலம் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி ஏறி வந்தது. சுமார் 400 பேர் போனதாகச் சொல்வார்கள். கரைவலை இழுத்துப் பிழைத்த ஆறு பேர், படவட்டான் அறுவர் என்று இன்றும் பேசுகிறோமே அவர்கள்தான், அந்தச் சுழலுக்குள் படகை இறக்கி, திரும்பத் திரும்பப் போய், 176 பேரைக் கரைசேர்த்தார்கள். பெயரிலேயே படவு இருக்கிறது பாருங்கள். சரியான வேர் எதுவோ, எனக்கு அப்படி நினைத்துக்கொள்ளப் பிடிக்கும்.

அத்தோடு முடிந்ததா? 1976இல் அதே ஸ்பிரிங்ஃபீல்டில், அதே டின் டவுனில் மறுபடி வெள்ளம். அங்கே வீடிழந்தவர்கள்தான் டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸ் குடியிருப்பில் குடியேறிய முதல் குடும்பங்கள். ஒரே தட்டை, ஒரே ஆறு, நடுவில் 59 வருடம். இன்று அங்கே பெரிய பெரிய கடைகளும் கார் நிறுத்துமிடங்களும் இருக்கின்றன. சாமான் வாங்கப் போகும்போது ஒரு தடவை ஆற்றுப்பக்கம் திரும்பிப் பாருங்கள்.

எங்களை மேட்டில்தானே கொண்டுவந்து போட்டார்கள், நமக்கென்ன என்பீர்கள். அறுபதுகளில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி நம்மை இங்கே இறக்கினபோது உம்லாஸ் ஆற்றுக்கும் உம்ஸ்லாடுசானா ஆற்றுக்கும் நடுவேதான் இறக்கினார்கள். மேடு என்றால் தண்ணீர் நிற்காது, உண்மை. நிற்காத தண்ணீருக்குத்தான் வேகம் அதிகம். 15 சென்டிமீட்டர் ஓடுகிற தண்ணீர் போதும், பெரிய ஆளையே தட்டிவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் சின்னக் காரைத் தூக்கிவிடும். பக்கி என்கிற பிக்கப் வண்டி வைத்திருக்கிற தம்பிமார் சிரிக்கிறீர்கள், 60 வந்தால் அதுவும் மிதக்கும்.

20 வருடத்துக்கு ஒரு தடவை வருகிற மழை என்று ஆய்வாளர்கள் 2022 மழையைச் சொன்னார்கள். உலகம் இப்படிச் சூடாவதற்கு முன்னே அது 40 வருடத்துக்கு ஒரு தடவை. இதைக் கேட்டதும், சரி, 2042வரை கவலையில்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார், படித்தவர்தான். அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஐந்து என்று பொருள், போன வருடம் வந்ததா என்று வானம் கணக்குப் பார்க்காது. 20 வருடக் கடனில் வீடு வாங்குகிறீர்கள் அல்லவா, கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது அப்படி ஒரு மழையைப் பார்க்க நூற்றில் 64 வாய்ப்பு. கணக்கு வாத்தியார் அங்கே உட்கார்ந்திருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கைக்கு இப்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கிறார்கள், 1 முதல் 10 வரை எண்ணும் உண்டு. நம் போனில் வருகிறது, நாம் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே தள்ளிவிடுகிறோம். பால்மியட் ஆற்றோரம் குவாரி ரோடு வெஸ்ட் என்ற குடிசைப்பகுதிக்காரர்கள் அப்படித் தள்ளுவதில்லை. மேலே மழை என்றதும் வாட்ஸாப் குழுவில் செய்தி வரும், ஆட்கள் கதவு கதவாகத் தட்டி எழுப்பிவிடுவார்கள். நம் தெருக் குழுவில் எழுபது பேர் இருக்கிறோம், கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும்தான் அது வேலை செய்கிறது.

அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசியாக ஒன்று. கோயில் பின்வாசலைத் தாண்டி ரோட்டுக்கடியில் ஒரு குழாய் போகிறது. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மெத்தை, இரண்டு டயர், போன வருடத்துப் பூஜையில் கட்டிய வாழைமரம் வேறு, நாம் கட்டினதுதான். செப்டம்பர் பிறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. கூழ் குடித்துவிட்டு ஒரு பத்துப் பேர் வாருங்கள். மண்வெட்டி என் பக்கியில் இருக்கிறது, செருப்பு வேண்டாம், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.